யார் படித்தார்கள் என்று கேட்காத பக்கம்

மச்சானிடமிருந்து போன் வந்தபோது நான் சிதம்பரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு துணிக்கடையின் வெப்சைட்டில் பெருநாள் சேலைகளின் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் என்றால் அக்காவின் கணவர். துபாயில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறார். வேலை நேரத்தில் யாரையும் கூப்பிடாத மனிதர். அதனால் பெயரைப் பார்த்ததுமே வேலையை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

"ஏம்மா, நீ சிதம்பரத்துல ஒரு மனநல டாக்டரு சைட்டு பாத்துக்குறேன்னு சொன்னியே, அது எதுக்கு எனக்கு வெளம்பரமா வந்துகினே இருக்கு?"

"எந்த விளம்பரம் மச்சான்?"

அவர் திரையைப் பார்த்து வாசித்தார். "பிரசவத்துக்குப் பிறகு அழுகை வருகிறதா? குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறதா? இப்படிப் போட்டிருக்கு. கிரிக்கெட் ஸ்கோரு பாத்தா வருது, நியூஸ் பாத்தா வருது. ரூமுல பசங்க எட்டிப் பாத்துட்டுச் சிரிக்கிறானுங்க."

"அது எல்லாருக்கும் வரும் மச்சான்."

"எல்லாருக்கும் வரலையே. எங்க ரூமுல எவனுக்கும் வரல. எனக்கு மட்டுந்தான் வருது. இங்க ஒருத்தன் சொல்றான், வீட்டுல யாராச்சும் அந்தப் பக்கத்தத் தெறந்து பாத்திருப்பாங்கன்னு. நெசமா?"

நான் சட்டென்று ஒரு பொய் சொன்னேன். அந்த சைட்டில் நான் வேலை செய்கிறேன், என் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது, அதனால் வந்திருக்கும் என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. புவனகிரியில் மாமியார் வீட்டில் இருந்தாள். மச்சான் கடைசியாக லீவில் வந்தபோது அவளுக்கு ஒரு புதுப் போன் வாங்கித் தந்து, தன்னுடைய மெயில் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழந்தை பிறந்ததும் இங்கே எடுக்கும் படமெல்லாம் அங்கே தானாக வந்துவிடும் என்பதற்காக. அதில் வேவு பார்க்கும் எண்ணம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கும் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் அப்படித்தான்.

விளம்பரத்தில் இருந்த வரிகள் அந்த மனநல டாக்டரின் சைட்டில் ஒரு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். டாக்டரம்மா சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்கிற மாதிரியே எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று முறை திருத்தி எழுதினேன். எழுதி முடித்த சந்தோஷத்தில் அக்காவுக்குப் போன் போட்டு, "புள்ள பொறந்தப்புறம் இப்படியெல்லாம் வந்தா அது ஒரு நோவு, வெக்கப்பட ஒன்னுமில்லன்னு எழுதியிருக்கேன்க்கா" என்று சொல்லியிருந்தேன். "ஓ, அப்படியா" என்றாள். பேச்சு குழந்தையின் தடுப்பூசி பக்கம் போய்விட்டது.

அந்த சைட்டை முதலில் அமைத்தவர் சென்னையில் இருக்கும் ஒரு விளம்பர ஏஜென்ட். என் கைக்கு வரும்போதே எல்லாப் பக்கங்களிலும் கண்காணிப்பு நிரல் இருந்தது. வருபவரின் போனில் சின்னதாக ஓர் அடையாளம் வைத்துவிட்டு, அவர் வேறெங்கே போனாலும் பின்னாலேயே விளம்பரத்தை அனுப்புகிற நிரல். நான் பார்த்துக்கொள்ளும் லாட்ஜ் சைட்டிலும் ஸ்கேன் சென்டர் சைட்டிலும் அதே நிரல்தான். கதவென்றால் கீல் இருக்கும் என்பதைப் போல அது இருந்தது. அதைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை.

அன்று பார்த்தேன். விளம்பரக் கணக்கைத் திறந்தால், 'பிரசவப் பக்கம் பார்த்தவர்கள்' என்று ஒரு தொகுப்பு இருந்தது. அதில் யார் பெயரும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு வந்த போன்கள், அந்தப் போன்களின் கணக்குகள், அந்தக் கணக்குகள் திறந்திருக்கும் வேறு போன்கள். வட்டம் எங்கே முடிகிறது என்று அதைச் செய்தவர்களும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. புவனகிரியில் அக்கா கையில் தொடங்கி, கடலைத் தாண்டி மச்சான் கையில் போய் நின்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். கீரப்பாளையத்தில் ஒரு கூட்டம் ஏறியது, ஜன்னலோரம் இருந்த எனக்கு மூச்சு முட்டியது. அக்காவிடம் என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன். வெள்ளாற்றுப் பாலம் வந்த பிறகும் ஒரு வாக்கியம் கூட அமையவில்லை.

மாமியார், நாங்கள் மாமி என்போம், வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நல்ல மனுஷி. அக்காவின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மாவைவிட அதிக நேரம் இருந்தவர். ஆனால் குழந்தையின் தூளி அவருடைய அறைக்கு மாறியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"ஒங்கக்காவுக்கு ஒடம்பு அசதி ஜாஸ்தியா இருக்கு. புள்ளய நான் பாத்துக்குறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வாரமே மவன் போன் போட்டான். அவ புள்ளயோட தனியா இருக்க வேணாம், கூடவே இருங்கம்மான்னான். என்னா ஏதுன்னு சொல்லல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பள்ளிவாசல் ஹஜரத்துகிட்டப் போயி தண்ணி ஓதி வாங்கியாந்து குடுத்துகினு இருக்கேன்."

ஆக, என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே மச்சான் தன் தாயாரிடம் சொல்லியிருந்தார்.

அக்கா மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே பேசினாள்.

"பால் குடுக்க மட்டும் தூக்கியாந்து குடுக்குறாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்து என் கையவே பாத்துகினு இருக்காங்க. நான் என்னா பண்ணிடுவேன்னு பாக்குறாங்க? நான் அவன ஒன்னும் பண்ண மாட்டேன்டி. எனக்குத்தான் பயம். எங்கயாச்சும் நழுவ விட்டுருவேனோன்னு பயம். அது வேற, இது வேற இல்லியா?"

"வேறதான்க்கா."

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. அம்மாகிட்டக் கூட சொல்லல. நீ சொன்னியேன்னு அந்தப் பக்கத்தப் படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன், அதப் படிச்சா அழுகை நின்னுச்சு. அவ்ளோதான். அப்புறம் இவருக்கு எப்படித் தெரிஞ்சது? டாக்டர்கிட்டப் போனியான்னு கேக்குறாரு. நான் போகவே இல்ல."

அவளுக்குப் புரியும்படி சொன்னேன். ஒரே கணக்கு இரண்டு போனிலும் இருப்பதை, பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலை, விளம்பரம் பின்தொடர்வதை. அவள் கையில் இருந்த சின்னச் சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நீ எழுதுன பக்கந்தான் என்னக் காட்டிக் குடுத்துச்சா?"

"பக்கம் இல்லக்கா. அதுக்குப் பின்னால இருந்த வேற ஒன்னு."

"எனக்கு ரெண்டும் ஒன்னுதான்."

கீழே குழந்தை சிணுங்கியது. அக்காவின் நெஞ்சுப் பக்கத்துத் துணி நனைந்ததை நான் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. மாமி தூக்கிக்கொண்டு வரும்வரை வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மேனேஜர் அவருடைய கணவரின் தம்பி. மதியம் நோயாளிகள் கூட்டம் வடிந்த பிறகு மூவரும் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி நடந்தது என்றுதான் சொன்னேன். யார் வீடு என்று சொல்லவில்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை.

மேனேஜருக்கு நான் சொன்னது பிடிபடவில்லை. "நாம யாரு பேரையும் எடுக்கலியேம்மா. பேரு இல்ல, போன் நம்பர் இல்ல, ஒன்னும் இல்ல. அப்புறம் எப்படி நாம சொன்னதாவும்?"

"நமக்குப் பேரு வேணாம் சார். அந்தப் போனு யார் கையில இருக்குன்னு அந்த வீட்டுல இருக்குறவங்களுக்குத் தெரியும்ல."

"சரி, அப்படியே வச்சுக்குவோம். இந்த வெளம்பரம் பாத்துட்டுத்தான் நெய்வேலிலேருந்து, பண்ருட்டிலேருந்தெல்லாம் வராங்க. ஒரு வீட்டுல சங்கடம்னு இத நிறுத்திட்டா, வரவேண்டிய பத்துப் பேரு வராம போயிருவாங்க. அவுங்களுக்கு யாரு பொறுப்பு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விளம்பரத்தைப் பார்த்து வந்து குணமான பெண்களை அந்த வராந்தாவிலேயே நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி தன் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனாள்.

டாக்டரம்மாதான் பேசினார். "விளம்பரம் வேணாம்னு இவ சொல்லல. பேப்பர்ல போடலாம், பஸ் ஸ்டாண்டுல போடலாம், நெட்லயும் எல்லாருக்கும் பொதுவாப் போடலாம். படிச்சவங்கள மட்டும் தேடிப் பிடிச்சுப் பின்னாலேயே போவக் கூடாதுங்கறா. அதானே?"

"ஆமா டாக்டர்."

"இந்த ரூம் கதவ நான் எதுக்குச் சாத்துறேன்? உள்ள வர்ற பொண்ணு பேசணும்னுதான். கதவுக்கு வெளியே நம்மளே ஒரு ஆள நிக்க வச்சிருக்கோம் போல இருக்கே." கொழுந்தனாரைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஆனா ஒன்னு. அந்தப் பக்கத்த யாராச்சும் படிக்கிறாங்களான்னு எனக்குத் தெரியணும். யாருமே படிக்கலைன்னா நான் மாத்தி எழுதச் சொல்லணும்ல. அதுக்கு என்ன பண்ணுவ?"

இதற்கு நான் தயாராகப் போயிருந்தேன். எண்ணிக்கையை மட்டும் எடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. நம்முடைய சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் திறக்கப்பட்டால் ஒன்று கூட்டும். வந்தவர் போனில் எதையும் வைக்காது, அவர் இணைய முகவரியையும் சேமித்து வைக்காது. அதே ஆள் நாளைக்கு வந்தாலும் அதற்கு அவர் புது ஆள்தான்.

"அப்போ வாசல்ல எத்தன ஜோடி செருப்பு கெடக்குன்னு பாக்குற மாதிரி" என்றார் டாக்டரம்மா.

"சின்ன ஊர்ல செருப்ப வச்சே ஆளைச் சொல்லிடுவாங்க டாக்டர்" என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்த நிரலிலும் எந்த ஊர், என்ன மாதிரிப் போன் என்று காட்டும் வசதி உண்டு. சென்னைக்கு அது பரவாயில்லை. இங்கே, புவனகிரி என்று போட்டுப் பக்கத்தில் ஒன்று என்று போட்டால், அந்த ஒன்று யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டாம். "அதையும் எடுத்துடுறேன். ஊரும் வேணாம், போனும் வேணாம். பக்கத்தோட பேரு, எத்தன தடவ தெறந்தாங்க, அவ்ளோதான்."

மேனேஜர் விடவில்லை. "ஒரே ஆளு நாலு நாளு வந்தா நாலு பேருன்னு எண்ணும். அப்போ கணக்கு தப்பாத்தானே வரும்?"

"ஆமா சார். கொஞ்சம் தப்பாத்தான் வரும்."

"தப்பாவே வரட்டும்" என்றார் டாக்டரம்மா.

பிரித்தெடுப்பது நான் நினைத்ததைவிட அதிக வேலையாக இருந்தது. ஏஜென்ட்டின் நிரலை எடுத்ததும் முடிந்துவிடும் என்றிருந்தேன். பக்கத்தைத் திறக்கும்போது அது யார் யாரோடெல்லாம் பேசுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் மற்றவையும் தெரிந்தன. வழி காட்டும் வரைபடம், டாக்டரம்மாவின் பேட்டி வீடியோ, மூலையில் துள்ளிக்கொண்டிருந்த அரட்டைப் பொத்தான், அழகான எழுத்துருக்கள் கூட, எல்லாம் வெளியே எங்கோ போய், இன்னார் வந்திருக்கிறார் என்று தகவல் வைத்துவிட்டுத்தான் வந்தன. வரைபடத்துக்குப் பதிலாக ஒரு படத்தை வைத்தேன். வீடியோவை எங்கள் சர்வருக்கே கொண்டுவந்தேன். பொத்தானை எடுத்துவிட்டு போன் நம்பரைப் பெரிதாக எழுதினேன். விளம்பரக் கணக்கிலிருந்த தொகுப்பை அழித்தேன். அழித்துவிடவா என்று திரை கேட்டது, ஆமாம் என்றேன். ஆனால் ஏற்கனவே போய்ச் சேர்ந்தது எங்கே யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதை அழிக்க எனக்குப் பொத்தான் எதுவும் இல்லை. பேச்சு வழக்கில் சொல்வதென்றால், வாயை விட்டுப் போனது போனதுதான்.

மச்சானுக்கு விளம்பரம் வருவது நின்றது. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. மாமியின் அறையில்தான் தூளி.

மச்சானிடம் நான் உண்மையைச் சொல்லிவிடவா என்று அக்காவிடம் கேட்டேன். "வேணாம். இனிமே என்னப் பத்தி வேற எதுவும், வேற யாரும் அவருகிட்டச் சொல்ல வேணாம். நானே சொல்றேன். நீ பக்கத்துல மட்டும் இரு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, என் போனிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டோம். தன்னுடைய போனை அவள் அணைத்து அலமாரியில் போட்டிருந்தாள். திரையில் மச்சான் தெரிந்தார், பின்னால் அடுக்குக் கட்டில்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"நாந்தான் படிச்சேன். எனக்கு முடியல. அழுகை நிக்க மாட்டேங்குது. புள்ளயத் தூக்குனா கை நடுங்குது. இது ஒரு நோவுன்னு போட்டிருந்துச்சு, அதனால படிச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுகினு இருந்தேன். அதுக்குள்ள ஒங்க போன் சொல்லிடுச்சு."

"எனக்கு பயமாயிடுச்சு. குழந்தையைத் தூக்கப் பயமான்னு போட்டிருந்தான். என்னென்னமோ நெனச்சேன். இங்கேருந்து நான் என்னா செய்ய முடியும்? அம்மாகிட்ட சொன்னேன்."

"அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னால என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

அக்கா அழுதாள். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். படம் உறைந்து போயிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. தன் அம்மாவிடம் பேசுவதாகச் சொன்னார்.

பேசினார். தூளி அக்காவின் அறைக்குத் திரும்பி வந்தது. ஆனால் கதவைத் தாழ்ப்பாள் போட மாமி விடவில்லை. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒரு தடவை நெஞ்சில் விழுந்த சந்தேகத்தை மகன் எடுத்துவிடு என்றதும் அவரால் எடுத்துப் போட முடியவில்லை.

அக்கா பிறகு கடலூர் முதுநகருக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தாள். சிதம்பரத்து டாக்டரம்மாவிடம் போகலாம், அருமையான டாக்டர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பேரு கூட எனக்கு வேணாம்" என்றுவிட்டாள். கடலூரிலேயே வேறொரு டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒரு முறை வந்து பேசச் சொன்னார். அக்கா உள்ளே போய்ப் பேசும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. கை நடுக்கம் குறைந்தது. ஒரு நாள் குழந்தையைத் தானே குளிப்பாட்டினாள். அருகில் போகப் பார்த்த அம்மாவை நான் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். புவனகிரிக்கு அவள் திரும்பிப் போக மாதங்கள் ஆயின.

கிளினிக்கில் மேனேஜர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூட்டம் குறைந்துவிட்டது என்கிறார். குறைந்திருக்கலாம். எதனால் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. மற்ற சைட்டுக்காரர்களிடமும் பேசிப் பார்த்தேன். லாட்ஜ்காரர் சரியென்றார். ஸ்கேன் சென்டர் உரிமையாளர், "ஒலகமே செய்யுது, நம்ம மட்டும் ஏம்மா?" என்று சிரித்தார். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கர்ப்பிணிகள் என்று சொன்னேன். "அதனாலதான் வேணும்" என்றார். அந்த வேலையை நான் விடவில்லை. விட்டிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு முறை அந்த சைட்டைத் திறக்கும்போதும் தோன்றுகிறது.

டாக்டரம்மாவின் அந்தப் பக்கத்தை இன்னமும் யாரோ திறக்கிறார்கள். எண் கூடுகிறது. சில நாட்களில் பட்டென்று ஏறும். ஒருத்தியே திரும்பத் திரும்பப் படிக்கிறாளா, பலரா, படித்தபின் என்ன ஆனாள், எதுவும் தெரியாதபடி நானே செய்து வைத்திருக்கிறேன். சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் சில நாள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். பையனுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, ஈறைக் கடித்துக்கொண்டே இருக்கிறான் என்றாள்.

"பல்லு மொளைக்கும்போது காய்ச்ச வருமா? நீ கொஞ்சம் ஒன் போன்ல பாத்துச் சொல்லேன்."

"ஒன் போன்லயே பாக்கலாமேக்கா. இப்ப ஒன் பேர்லயே தனிக் கணக்கு போட்டுக் குடுத்திருக்கேன்ல."

"நீ செஞ்ச சைட்டுல பாக்கலாம். மத்ததுல?"

"இரு" என்று சொல்லிவிட்டு, என் போனில் தேடி, வந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.